விளக்கை நகர்த்தாதீர்கள்: ஒரு பழைய பண்ணையில் பூச்சிகளை எண்ணும் விதம்

மழை விட்ட இரவில் வாசல் விளக்கை ஈசல் மொய்க்கும்போது, எத்தனை இருக்கும் என்று ஒரு குழந்தை கேட்டால் பெரியவர்கள் சிரித்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவார்கள். எண்ணி மாளாது. ஒரு வயலில் இருக்கும் பூச்சிகளும் அப்படித்தான். மண்ணுக்குள் கொஞ்சம், தண்டுக்குள் கொஞ்சம், இலைக்கடியில் கொஞ்சம், பறந்துகொண்டு கொஞ்சம். ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிப் போட்டால் வழி பிறக்கிறது. வயலில் மொத்தம் எத்தனை என்பதை விட்டுவிடுவோம். இந்த விளக்குக்கு நேற்றிரவு எத்தனை வந்தன? இன்றிரவு எத்தனை? போன வருடம் இதே மாதம் எத்தனை? உயிரினக் கணக்கெடுப்பின் அடிப்படை இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கை இருந்த இடத்திலேயே வைத்திருக்கும் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பேர்போன பண்ணை ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், ஹார்பெண்டன் ஊரை ஒட்டிய ரோதம்ஸ்டெட். ஜான் பென்னட் லாஸ் என்ற நிலக்கிழாரின் குடும்பச் சொத்து அது. அவர் 1842-இல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டு தன் வயல்களில் உரச் சோதனைகளை ஆரம்பித்தார். 1900-இல் லாஸ் இறக்கும்வரை, 57 ஆண்டுகள், இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். உரம் விற்கிறவரே உரச் சோதனை நடத்தினால் நம்பலாமா என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றியது. ஆனால் உரமே போடாத துண்டுகளையும் அவர்கள் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். விளைச்சலை ஒவ்வொரு வருடமும் எடை போட்டு எழுதினார்கள், மண்ணையும் தானியத்தையும் அடைத்துச் சேமித்தார்கள். அந்தச் சேமிப்பறையில் இன்று லட்சக்கணக்கில் மாதிரிகள் இருக்கின்றன.

பிராட்பால்க் என்ற வயலில் 1843 இலையுதிர் காலத்தில் கோதுமை விதைத்தார்கள். இன்றும் அங்கே கோதுமை விளைகிறது. ஒரு துண்டுக்குத் தொழுவுரம், ஒரு துண்டுக்கு ரசாயன உரம், ஒரு துண்டுக்கு எதுவும் கிடையாது. அதே வயலில் ஒரு பகுதிக்குக் களைக்கொல்லி அடிப்பதே இல்லை. இங்கிலாந்தின் மற்ற வயல்களில் அருகிப்போன சில களைச்செடிகள் அங்கே இன்னும் தலைகாட்டுகின்றன. இதைவிட வியப்பானது பார்க் கிராஸ் என்ற வைக்கோல் புல்வெளி. 1856-இல் தொடங்கிய சோதனை அது. உரம் போடாத பாத்தியில் நாற்பது வகைக்குக் குறையாத செடி கொடிகள் கலந்து நிற்கும். சில அடி தள்ளி, சுண்ணாம்பு சேர்க்காமல் அம்மோனியம் சல்பேட் மட்டும் தொடர்ந்து போட்டு மண் புளித்துப்போன பாத்தியில் இரண்டு மூன்று வகைப் புல்தான் மிச்சம். ஒரே வெயில், ஒரே மழை. நடுவில் ஒரு கோடு.

பூச்சி எண்ணுகிறவருக்கு இந்த உரக் கதை எதற்கு? சாதாரணமான ஒரு தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று தேடப் போனால், பத்து வருடத்துக்கு முன் அங்கே என்ன மருந்து அடித்தார்கள், வேலியோரம் என்ன நின்றது, எப்போது உழுதார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழைய பண்ணையில் நிலத்துக்கு ஒரு ஜாதகம் எழுதப்பட்டிருக்கிறது. பூச்சிக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பழைய பண்ணைகளில் கணக்கெடுப்பு நடத்த ஆராய்ச்சியாளர்கள் ஆசைப்படுவது இதனால்தான்; கட்டடத்தின் அழகு பிறகு.

ரோதம்ஸ்டெட்டின் பூச்சியியல் துறைக்கு 1932-இல் தலைவராக வந்தவர் சி. பி. வில்லியம்ஸ். அடுத்த வருடம் பார்ன்ஃபீல்ட் என்ற வயலின் ஓரத்தில் ஒரு விளக்குப் பொறி வைத்தார். நம் விவசாயிகளுக்கு விளக்குப் பொறி புதிதில்லை. மேலே விளக்கு, கீழே புனல், அதற்கும் கீழே பாத்திரம். வெளிச்சத்துக்கு வரும் அந்துப்பூச்சி புனல் வழியே உள்ளே விழும். வில்லியம்ஸ் வைத்த பொறியில் இரவு எட்டுப் பகுதியாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பாத்திரம் தானாக மாறிக்கொள்ளும். எந்தப் பூச்சி முன்னிரவில் பறக்கிறது, எது விடியற்காலையில் பறக்கிறது என்று இதனால் தெரிந்தது.

நாம் பொறி வைப்பது பூச்சியைக் கொல்ல. அவர் வைத்தது எண்ண. இந்த வித்தியாசம் பொறியின் அமைப்பிலேயே தெரியும். கொல்வதற்கானால் வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. எண்ணுவதற்கு அப்படி இல்லை. ரோதம்ஸ்டெட் வகைப் பொறியில் இருப்பது 200 வாட் பழைய டங்ஸ்டன் குண்டு பல்பு. பாதரச ஆவி விளக்கு வைத்தால் இன்னும் நிறைய விழும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விளக்கை மாற்றிய அன்றே பழைய கணக்கோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். கூடியது பூச்சியா வெளிச்சமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குறைவாக விழுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தினமும் வைத்தாலும் அக்கம்பக்கத்துப் பூச்சிக்கூட்டம் அந்தப் பொறியாலேயே அழிந்துபோகாது.

முதல் நான்கு ஆண்டுகளின் கணக்கில் ஒரு பெரிய அந்துப்பூச்சிப் பிரிவை மட்டும் எடுத்துப் பார்த்தால் 15,609 பூச்சிகள், 240 இனங்கள். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வில்லியம்ஸ் இரண்டு சிக்கல்களோடு மல்லுக்கட்டினார். புதிதாகக் கணக்கெடுக்க வருகிறவர் எவரும் இந்த இரண்டிலும் கட்டாயம் இடறுவார். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

முதல் சிக்கல் வானிலை. வெதுவெதுப்பான, மேகம் மூடிய, காற்றடங்கிய இரவில் பூச்சி கொட்டும். குளிர்ந்த இரவில் பாத்திரம் காலி. முழுநிலா இரவில் வரத்து குறையும். நிலவொளியில் பூச்சிகள் பறப்பதே குறைகிறதா, அல்லது நிலாவுக்கு முன்னால் நம் பல்பு எடுபடவில்லையா என்பது தனி விவாதம். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஐந்து இரவுகளில் 10, 12, 8, 15, 955 பூச்சிகள் விழுந்தன. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 200. ஆனால் 200-க்குப் பக்கத்தில்கூட எந்த இரவும் இல்லையே! ஒரே ஒரு புழுக்கமான இரவு மொத்தக் கணக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வில்லியம்ஸ் இதற்கு லாகரிதம் எனப்படும் மடக்கையைப் பிடித்தார். எண்களைக் கூட்டுவதற்குப் பதில் அவற்றின் மடக்கைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, திரும்பவும் எண்ணாக்கினால் நம் உதாரணத்தில் ஏறக்குறைய 27 வருகிறது. பெரும்பாலான இரவுகளுக்கு இது எவ்வளவோ நெருக்கம். பூச்சிகளின் உலகம் கூட்டலில் நடப்பதில்லை, பெருக்கலில் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் இந்த உபாயம் விளங்கும். ஒரு டிகிரி சூடு பத்துப் பூச்சியைக் கூட்டுவதில்லை; இருப்பதை இத்தனை மடங்கு ஆக்குகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவாரசியம். அந்த 240 இனங்களில் 35 இனங்கள் நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் விழுந்திருந்தன. ஒன்றிரண்டு இனங்களோ ஆயிரக்கணக்கில். புதிதாக எண்ணத் தொடங்குகிறவர் ஒரே ஒரு முறை விழுந்ததைத் தவறு என்றோ, எங்கிருந்தோ வழிதவறி வந்தது என்றோ ஒதுக்கிவிடுவார். அங்கேதான் தகவலே இருக்கிறது. ஒற்றையாக வந்த இனங்கள் நிறைய இருந்தால், இன்னும் நம் கண்ணில் படாத இனங்கள் வெளியே நிறைய இருக்கின்றன என்று பொருள்.

இதே கேள்வியோடு இன்னொருவரும் இருந்தார். ஸ்டீவன் கார்பெட், மலாயாவில் வண்ணத்துப்பூச்சி சேகரித்தவர். அவருடைய சேகரத்தில் 118 இனங்கள் ஒன்றே ஒன்று, 74 இனங்கள் இரண்டிரண்டு, 44 இனங்கள் மும்மூன்று என்று படிப்படியாக இறங்கின. கேள்வி புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷரிடம் போனது. ஃபிஷர் 1919 முதல் 1933 வரை ரோதம்ஸ்டெட்டில் வேலை பார்த்தவர். லண்டனுக்குப் போன பிறகு இரண்டாம் உலகப் போர் அவரையும் அவருடைய ஆய்வுக்கூடத்தையும் திரும்ப அங்கேயே கொண்டுவந்து விட்டிருந்தது. கார்பெட்டின் வண்ணத்துப்பூச்சியையும் வில்லியம்ஸின் அந்துப்பூச்சியையும் சேர்த்து மூவரும் 1943-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எத்தனை பூச்சி பிடித்தால் எத்தனை இனம் கிடைக்கும் என்பதை ஒரே ஒரு எண்ணில் அடக்கலாம் என்றது அது. ‘ஃபிஷரின் ஆல்ஃபா’ என்று இன்றும் சூழலியல் மாணவர்கள் படிக்கும் எண். பார்ன்ஃபீல்டுக்கு அது சுமார் 40. பிடித்த எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் ஆல்ஃபா அவ்வளவாக அசையாது. அதனால் ஒரு மாதம் எண்ணிய தோட்டத்தையும் ஒரு வருடம் எண்ணிய தோட்டத்தையும் ஓரளவுக்கு நியாயமாக ஒப்பிடலாம். கார்பெட் இன்னொரு முறை மலாயாவுக்குப் போய் அதே அளவு காலம் பிடித்தால் எத்தனை புது இனம் கிடைக்கும் என்ற கேள்விக்கு, கணக்கு சொல்லும் பதில் ஏறத்தாழ 75. ஒற்றைகளையும் இரட்டைகளையும் வைத்து, பார்க்காததை மதிப்பிடுவது. எனக்கு இது கொஞ்சம் மாந்திரீகம் மாதிரியே படுகிறது.

விளக்குக்கு வராத உயிர்கள்தான் உலகில் அதிகம். அவற்றுக்கு வேறு வேறு கருவிகள். தரையில் ஓடும் வண்டுகளுக்கும் சிலந்திகளுக்கும் குழிப்பொறி. ஒரு பிளாஸ்டிக் டம்ளரை, அதன் வாய் மண்மட்டத்தோடு சமமாக இருக்கும்படி புதைத்துவைத்தால் போதும். விளிம்பு ஒரு நூல் மேலே நின்றாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். குழிப்பொறியில் நிறைய விழுந்தால் நிறைய இருக்கின்றன என்று மட்டும் பொருளில்லை, நிறைய நடமாடின என்றும் பொருள். சூடான நாளில் நூறு வண்டுகள் ஓடுவது, குளிர் நாளில் முந்நூறு பதுங்கிக் கிடப்பதைவிடப் பெரிய எண்ணாகத் தெரியும். பூவுக்கு வரும் தேனீ, ஈ வகைகளுக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள், நீலம், வெள்ளைக் கிண்ணங்கள். மண்புழுவுக்கு ஒரு மண்வெட்டியும் 20 சென்டிமீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியும்.

வண்ணத்துப்பூச்சிக்குக் கருவியே வேண்டாம், கால் போதும். எர்னி பொலார்ட் என்ற ஆங்கில ஆய்வாளர் 1970-களில் வகுத்த முறை அது. 1976 முதல் பிரிட்டன் முழுக்க அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒரு பாதையை நிர்ணயித்துக்கொண்டு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை அதில் நிதானமாக நடப்பார்கள். கண்ணுக்கு முன்னால் 5 மீட்டர் அகலத்துக்குள் வருவதை மட்டும் எண்ணுவார்கள். ஆறாவது மீட்டரில் எவ்வளவு அழகான பூச்சி பறந்தாலும் கணக்கில் சேராது. வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் நடைக்கே விடுமுறை. பறவைகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், விடியற்காலையில் எழ வேண்டும் என்பதைத் தவிர.

ரோதம்ஸ்டெட்டின் தனிப்பெருமை என்று நான் சொல்வது உறிஞ்சு பொறியை. 1964-இல் நிறுவியது. 12.2 மீட்டர் உயரக் குழாய், அடியில் ஒரு மின்விசிறி. வானத்தில் போகும் காற்றை நிமிடத்துக்கு 45 கன மீட்டர் அளவில் உள்ளே இழுக்கும். அவ்வளவு உயரம் எதற்கு? தரைமட்டத்தில் வைத்தால் பக்கத்து வயலில் என்ன இருக்கிறதோ அதுதான் விழும். அந்த உயரத்தில் காற்றோடு ஊர்விட்டு ஊர் போகும் பூச்சிகள் விழுகின்றன. ஒரு குழாய் ஒரு வட்டாரத்துக்கே பதில் சொல்லும். முக்கியமாக அவர்கள் தேடுவது, செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியை. வாற்கோதுமையிலும் உருளைக்கிழங்கிலும் நோய்க்கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். ஜனவரி, பிப்ரவரி குளிர் குறைவாக இருந்தால் அசுவினி வாரக்கணக்கில் முன்னதாகவே பறக்க ஆரம்பிக்கிறது என்பது இந்தப் பொறிகளின் நீண்ட கணக்கிலிருந்து தெரிந்தது. ஆகவே பிப்ரவரி முடிந்த கையோடு, இந்த வருடம் அசுவினி எப்போது வரும் என்று விவசாயிக்குச் சொல்லிவிடலாம். அந்தத் தேதிக்கு முன்னால் மருந்து அடிப்பது வீண் செலவு.

பயிர் நடக்கும் பண்ணையில் எண்ணுவதற்கும் சரணாலயத்தில் எண்ணுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பண்ணை உங்களுக்காகக் காத்திருக்காது. அறுவடை இயந்திரம் வந்த மறுநாள் குழிப்பொறியில் வண்டு குவிந்தால், அது பெருகிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. வீடு போனதால் ஓடிக்கொண்டிருக்கிறது. புல் அறுத்த வாரம் வண்ணத்துப்பூச்சிக் கணக்கு விழும். மருந்தடித்த அடுத்த நாள் எண்ணினால் ஒரு பதில், ஒரு மாதம் கழித்து எண்ணினால் வேறு பதில். இதற்காகப் பண்ணை வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது. உழவு, விதைப்பு, மருந்து, அறுப்பு எல்லாவற்றின் தேதியையும் பூச்சிக் கணக்கின் பக்கத்திலேயே எழுதிவைப்பதுதான் வழி. வயல் நடுவிலும் வேலியோரத்திலும் தனித்தனியாக எண்ண வேண்டும் என்பதும் இங்கே சேரும். ஓரத்தில் மட்டும் எண்ணிவிட்டு வயலே செழிப்பாக இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது எளிது. அப்படிப்பட்ட அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.

இத்தனை எண்ணி என்ன கண்டார்கள்? பார்ன்ஃபீல்ட் பொறி 1930-களிலும், போருக்குப் பின் 1946 முதல் 1950 வரையிலும், பிறகு 1960 முதல் தொடர்ந்தும் எரிகிறது. 1960-களில் திரும்பப் பார்த்தபோது அந்துப்பூச்சி வரத்து முன்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. நடுவில் பிரிட்டனின் விவசாயமே மாறிப்போயிருந்தது. பிற்பாடு ரோதம்ஸ்டெட் பூச்சியியலாளர் ராய் டெய்லர் காலத்தில் இதே வகைப் பொறிகள் நாடெங்கும் பரவின. தன்னார்வலர்கள் வீட்டுத் தோட்டங்களில் வைத்து இன்றும் எண்ணுகிறார்கள். அந்த மொத்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, 1969-க்கும் 2016-க்கும் இடையில் அந்துப்பூச்சிகள் 31 சதவீதம் குறைந்தன என்றது. அதே ஆய்வில் உறிஞ்சு பொறியின் அசுவினிக் கணக்கில் குறிப்பிடும்படியான சரிவு இல்லை. பூச்சி இனமே அழிகிறது என்று தலைப்புப் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வரி பிடிக்காது. பயிரைத் தின்பவை நன்றாகத்தான் இருக்கின்றன.

அந்துப்பூச்சிகளுக்குள்ளும் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை. ஒரு காலத்தில் தோட்டம்தோறும் கம்பளிப்புழுவாகத் திரிந்த ‘கார்டன் டைகர்’ கடுமையாகக் குறைந்தது. மிதமான, ஈரமான குளிர்காலம் அதன் புழுவுக்கு ஆகவில்லை. மரப்பட்டையில் ஒட்டி வளரும் பாசிக்காளானை (லைக்கன்) தின்னும் ‘ஃபுட்மேன்’ வகை அந்துப்பூச்சிகளோ பெருகியிருக்கின்றன. நிலக்கரிப் புகை குறைந்து காற்று சுத்தமானதும் மரப்பட்டையில் பாசிக்காளான் திரும்பி வந்ததை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஜெர்மனியில் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சியியல் சங்கத்தின் கணக்கை வைத்து 2017-இல் வந்த ஆய்வு இன்னும் பிரபலம். 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 76 சதவீதத்துக்கு மேல் சரிந்தது என்று உலகச் செய்தியானது. எடையை அளந்தார்களே தவிர இனங்களை எண்ணவில்லை என்பதையும், 63 இடங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு வருடம்தான் பொறி வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சரிவு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே இடத்தில் அறுபது வருடம் எரிந்த விளக்கு சொல்வதும், பல இடங்களில் அங்கொன்று இங்கொன்றாக வைத்த பொறி சொல்வதும் வேறு வேறு வகைச் சாட்சியம்.

ரோதம்ஸ்டெட்டின் சாயலில் நம் பக்கமும் ஒரு வயல் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை, நூறு வருடத்தைத் தாண்டி நடக்கிறது. பூச்சி எண்ணும் பழக்கமும் நமக்கு அந்நியமில்லை. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டினால் மருந்தை யோசிக்கலாம், ஆனால் குத்துக்கு, அதாவது ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது வேளாண் துறையின் நெடுநாளைய பரிந்துரை. கவனித்துப் பாருங்கள்: தீமை செய்வதை மட்டும் எண்ணச் சொல்லவில்லை, அதைத் தின்பதையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது. இரண்டு எண்ணும் சேர்ந்தால்தான் முடிவு. ரோதம்ஸ்டெட்டின் தொண்ணூறு வருடக் கணக்கும், புதன்கிழமை காலை வரப்பில் குனிந்து தூரை விலக்கிப் பார்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

நீங்களே தொடங்கிப் பார்ப்பதானால் ஒரு டம்ளர், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். பெயர் தெரியாத வண்டுக்கு ‘கறுப்பு, பெரியது’ என்று எழுதினாலும் குற்றமில்லை. அடுத்த வாரமும் அதே வண்டை அதே பெயரால் எழுதினால் சரி. தேதி, இடம், முந்தின இரவின் வானிலை, வயலில் நடந்த வேலை, எத்தனை மணி நேரம் பொறி வைத்திருந்தீர்கள் என்பது கட்டாயம். ஒன்றும் விழாத நாளில் 0 என்று எழுதுங்கள். பொறி வைக்க மறந்த நாளையோ, நாய் டம்ளரைப் பிடுங்கிப் போட்ட நாளையோ 0 என்று எழுதாமல், நடந்தது இன்னதென்று எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அந்த நோட்டைப் பிரிக்கிறவருக்கு, வராத பூச்சியும் வைக்காத பொறியும் வேறு வேறாகத் தெரிய வேண்டும்.